அரண்மனை அண்ணகரும் நம்மிடையே வாழும் திருநங்கையரும்: வாசகர் கேள்வி பதில்

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே பற்றிய ஒரு கேள்விக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, அவர் சிறுவயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டவர் என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைத் தொட்டு வந்திருக்கும் கடிதங்கள் பல. சில வரலாற்றைக் கேட்கின்றன, சில சட்டத்தைக் கேட்கின்றன, ஒன்றிரண்டு வீட்டுக்குள் நிகழும் துயரத்தைச் சொல்கின்றன. எனவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணகர், அலி, பேடி, அரவாணி, திருநங்கை என்று பல சொற்கள் வழங்குகின்றன. இவை எல்லாம் ஒருவரையே குறிப்பவை அல்லவா?

பதில்: அல்ல. ஒருவரையே குறிப்பவை என்று எண்ணியதால் விளைந்த தீங்குதான் இந்த இதழின் பல பதில்களிலும் பேசப்படப் போகிறது.

அண்ணகர் என்பவர் ஆணாகப் பிறந்து, விதைகள் நீக்கப்பட்டவர். பெரும்பாலும் சிறுவனாக இருக்கும்போதே, பிறருடைய தேவைக்காக, பிறருடைய கையால் அப்படி ஆக்கப்பட்டவர். அவருடைய மனம் தன்னை ஆணாகவே உணர்ந்திருக்கலாம். திருநங்கை என்பவர் பிறப்பில் ஆண் என்று பதிவு செய்யப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தாலும் செய்துகொள்ளாவிட்டாலும் அவர் திருநங்கைதான். பெண் என்று பதிவாகித் தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. பிறக்கும்போதே உடலமைப்பில் ஆண், பெண் இரண்டுக்கும் இடைப்பட்ட கூறுகள் அமைந்தவர் இடைபாலினர். முதலாவது பிறர் செய்த செயல், அடுத்த இரண்டும் ஒருவருடைய உள்ளுணர்வு, கடைசியாகச் சொன்னது உடலின் இயற்கை. மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரம்கூட, தாய் வயிற்றிலிருந்தே அப்படிப் பிறந்தவர், மனிதரால் அப்படி ஆக்கப்பட்டவர், தாமே அந்நிலையை ஏற்றவர் என்று மூவகை பிரிக்கிறது. அத்தனை பழைய நூலில் இருந்த தெளிவு பிற்காலச் சட்டப் புத்தகங்களில் இல்லாமல் போயிற்று.

சொற்களைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் இதே பகுதியில் ஒரு பதிலில் 'அலிகள்' என்று எழுதிவிட்டேன். அகராதியில் உள்ள சொல் என்பதைத் தாண்டி நான் அன்று யோசிக்கவில்லை. ஒரு வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. பள்ளியில் படித்த காலத்தில் அந்தச் சொல்லைத் தன் முதுகுக்குப் பின்னால் கேட்காத நாளே இல்லை என்றும், பத்திரிகையில் அச்செழுத்தில் பார்த்தபோது மறுபடியும் அந்த வகுப்பறைக்கே போய்விட்டதாகவும் ஒரு திருநங்கை எழுதியிருந்தார். கோபமான ஒரு சொல்லும் அதில் இல்லை. அன்றிலிருந்து பழைய நூல்களை மேற்கோள் காட்டும் இடத்தில் மட்டுமே பழைய சொற்களை எழுதுகிறேன். கூவாகத்து அரவானை ஒட்டி 'அரவாணி' என்ற சொல் சில காலம் வழங்கியது. பிறகு தமிழ்நாடு அரசின் ஆவணங்களில் இடம்பெற்ற 'திருநங்கை' என்ற சொல் மக்கள் வழக்கிலும் நிலைத்துவிட்டது.

கேள்வி: ஆண்மை நீக்கப்பட்டவர்களை அரசர்கள் ஏன் அந்தப்புரத்தில் வைத்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் படைத்தலைவர்களாகவும் அமைச்சர்களாகவும் அவர்கள் உயர்ந்தது எப்படி?

பதில்: பிள்ளை இல்லாதவன் தன் பிள்ளைக்காக அரியணையைப் பறிக்க மாட்டான் என்பதே அரசர்கள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு பல முறை பொய்த்தது. கி.மு. 338இல் பாரசீகப் பேரரசர் மூன்றாம் அர்த்தக்செர்க்சசை நஞ்சிட்டுக் கொன்றவர் அவருடைய நம்பிக்கைக்குரிய அண்ணகரான பகோவாஸ்தான். ஆயினும் சீனம், பாரசீகம், பைசாந்தியம், துருக்கி, தில்லி என்று ஓர் அரசவையும் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. அரசரின் காதுக்கு அருகில் இருப்பவருக்கு அதிகாரம் தானாக வந்து சேரும். அத்துடன் இளமையிலிருந்தே அரண்மனையில் எழுத்தும் நிருவாகமும் பயின்றவர்கள் அவர்கள்.

அவர்களுடைய திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனின் அண்ணகரான நர்சஸ், முதிய வயதில் படை நடத்திச் சென்று 552இல் தகினே போரில் கோத்தியரை வென்று இத்தாலியை மீட்டார். ஹான் அரசவையில் பணியாற்றிய சாய் லுன் காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி கி.பி. 105இல் பேரரசரிடம் அளித்தார் என்று சீன வரலாறு பதிவு செய்கிறது. தோற்றுச் சரணடைந்த ஒரு தளபதிக்காக வாதாடியதால் பேரரசர் வூவின் சினத்துக்கு ஆளான சீமா சியென், மரண தண்டனைக்குப் பதிலாக ஆண்மை நீக்கத் தண்டனையை ஏற்றுக்கொண்டார். அன்றைய சீன அறிஞர் ஒருவருக்குச் சாவை விடப் பெரிய இழிவு அது. தந்தை தொடங்கிய வரலாற்று நூலை முடிக்காமல் சாகக் கூடாது என்பதற்காகவே அந்த இழிவைத் தாங்கினார் என்பதை அவர் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம்.

செங் ஹேக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பைப் பல வாசகர்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். யுன்னான் பகுதியில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மிங் படையெடுப்பின்போது சிறைப்பட்டு, சிறுவனாக இருக்கும்போதே ஆண்மை நீக்கப்பட்ட அவர், 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்களுக்குத் தலைமை தாங்கினார். இலங்கைக் கரைக்கு அவர் கொண்டுவந்த கல்வெட்டு ஒன்று, 1409ஆம் ஆண்டைத் தாங்கியது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய பொன்னையும் வெள்ளியையும் பட்டையும் பட்டியலிடுகிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இன்றும் அந்தக் கல் நிற்கிறது.

ஆனால் இந்தப் புகழ்பெற்ற பெயர்களோடு நிறுத்திக்கொண்டால் நான் உண்மையை மறைத்தவன் ஆவேன். ஒரு செங் ஹே உயர்ந்த இடத்தில், பெயர் தெரியாத எண்ணற்ற சிறுவர்கள் அந்தக் கத்தியின் கீழ் இறந்தார்கள், அல்லது வாழ்நாள் முழுவதும் அரண்மனை முற்றங்களைப் பெருக்கினார்கள். சீனத்தின் கடைசி அரண்மனை அண்ணகரான சுன் யாவ்டிங் 1902இல் பிறந்தவர். வறுமையிலிருந்து குடும்பம் மீள வேறு வழி தெரியாத தந்தையே, வலி தெரியாமலிருக்க மருந்து எதுவும் இன்றி, வீட்டில் வைத்துச் சவரக் கத்தியால் மகனுக்கு அதைச் செய்தார். சிறுவனின் காயம் ஆறிய சில மாதங்களில், 1912 பிப்ரவரியில், பேரரசர் முடி துறந்தார் என்ற செய்தி வந்தது. எதற்காக அந்தச் சிறுவன் அறுக்கப்பட்டானோ அந்த அரசே இல்லை. பின்னர் அவர் முடியிழந்த மன்னரின் மாளிகையில் சில காலம் பணியாற்றினார். வெட்டி எடுத்த உறுப்பைப் பதப்படுத்தி வைத்திருந்து, இறந்தபின் உடலோடு சேர்த்துப் புதைப்பது சீன அண்ணகரின் வழக்கம்; மறுமையிலாவது முழு மனிதராகப் பிறக்க வேண்டும் என்ற நம்பிக்கை. கலாசாரப் புரட்சிக் காலத்தில், பழைய அரசின் அடையாளம் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அஞ்சிய குடும்பத்தினர் அதையும் வீசிவிட்டார்கள். 1996இல் அவர் இறந்தார்.

இந்திய நாட்டிலும் இந்த வணிகம் நடந்தது. வங்காளத்துச் சில்ஹெட் பகுதியில் நிலவரிக்குப் பதிலாகப் பிள்ளைகளை அண்ணகராக்கி ஆளுநரிடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்ததைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதும் ஜஹாங்கீர், அதைத் தடை செய்ததாகவும் எழுதுகிறார். வரியாகக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் என்ற அந்த ஒரு செய்தி போதும், அரண்மனைப் பகட்டின் அடியில் என்ன இருந்தது என்பதற்கு.

கேள்வி: ஐரோப்பியத் தேவாலயங்களில் பாடுவதற்காகச் சிறுவர்களுக்கு இவ்வாறு செய்தார்கள் என்பது உண்மையா?

பதில்: உண்மை. தேவாலயப் பாடகர் குழுவில் பெண்கள் பாட அனுமதி இல்லாத காலத்தில், உச்சக் குரலுக்காக இத்தாலியில் இது நடந்தது. பருவம் எய்துமுன் விதைகளை நீக்கினால் குரல்வளை வளர்ந்து தடிப்பதில்லை. ஆனால் எலும்புகளின் முனைகள் தாமதமாக மூடுவதால் கைகால்கள் நீண்டு, மார்புக்கூடு விரிகிறது. சிறுவனின் குரலும் பெரியவரின் மூச்சும் ஒரே உடலில் சேர்கின்றன. ஃபரினெல்லி என்ற பாடகர் 1737 முதல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் பிலிப்பின் மனச்சோர்வைப் போக்க அரண்மனையில் பாடிவந்தார். இவ்வகையில் கடைசியாக வாழ்ந்தவர்களில் ஒருவரான அலெசாந்திரோ மொரெஸ்கியின் குரல் 1902லும் 1904லும் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. கேட்டிருக்கிறேன். இரைச்சலுக்கு நடுவே உயர்ந்து எழும் அந்தக் குரலை அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: பழந்தமிழ்ச் சமூகம் இவர்களை மதித்தது என்று சிலர் மேடைகளில் பேசுகிறார்கள், இழிவுபடுத்தியது என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். எது சரி?

பதில்: இரண்டுக்கும் சான்று உண்டு. ஆனால் இலக்கணம் சொல்வதை முதலில் கேளுங்கள், ஏனெனில் தமிழில் இந்தக் கேள்வி முதன்முதலில் எழுந்தது அறநூலில் அல்ல, இலக்கண நூலில்.

தமிழில் வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் வந்தான், வந்தாள், வந்தது என்று ஒரு பாலைச் சொல்லியே ஆக வேண்டும். அப்படியானால் பேடியை, அதாவது ஆண்மையோ பெண்மையோ திரிந்தவரை, எப்படிச் சொல்வது? தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் இதை எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை. அவை உயர்திணைக்குரிய ஈறுகளையே பெறும் என்கிறார். உயர்திணை என்பதைக் கவனிக்க வேண்டும். அதோடு நில்லாமல், ஆண்மை திரிந்த பெயருக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்று தனியே ஒரு நூற்பாவும் செய்கிறார். ஆகவே 'பேடி வந்தாள்', 'பேடியர் வந்தார்' என்பன வழக்கு. 'பேடி வந்தான்' என்பது வழு.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூலில் பவணந்தி முனிவர் இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறார். 'பெண்மை விட்டு ஆண் அவாவுவ பேடு ஆண்பால், ஆண்மை விட்டு அல்லது அவாவுவ பெண்பால்' என்பது அவர் வகுத்த விதி. 'அவாவுதல்' என்றால் விரும்புதல். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்புபவர் ஆண்பால். ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை விரும்புபவர் பெண்பால். உடலை வைத்து முடிவு செய்யாமல் விருப்பம் எந்தப் பக்கம் செல்கிறது என்பதை வைத்து வினைமுற்றை முடிவு செய்கிற இந்த விதியை முதன்முறை நிறுத்திப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. இன்று திருநம்பி என்று நாம் சொல்பவருக்கும் இங்கே இடம் இருக்கிறது. சமண சமய நூல்கள் உடற்பாலையும் வேட்கையின் பாலையும் வெவ்வேறாகப் பிரித்து ஆராய்ந்தவை. பவணந்தியார் சமணர் என்பதால் அந்தச் சிந்தனையின் சாயல் இங்கே படிந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அதே நூற்பாவின் மூன்றாம் அடி, இவ்விரு வகையினரும் அஃறிணையை ஒத்தும் வருவர் என்று முடிகிறது. மேடைகளில் முதல் இரண்டு அடிகளை மட்டும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுவது நேர்மையாகாது.

இலக்கியத்திலும் இந்த இரட்டைநிலை உண்டு. சிலப்பதிகாரத்தின் பதினோராடல்களில் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்று. மணிமேகலையும் தோழி சுதமதியும் புகார் நகரத் தெரு வழியே பூஞ்சோலைக்குச் செல்லும்போது, அங்கே பேடிக்கூத்தைக் கூடி நின்று பார்க்கும் மக்களைச் சாத்தனார் காட்டுகிறார். சுருண்ட தாடி, பூச்சூடிய கருங்கூந்தல், பவள வாய், வெண்ணிறத் தோடு, கொடி போன்ற கரும்புருவம், இடையில் வட்டுடை என்று ஒவ்வொன்றாக, விரைவின்றி வருணிக்கிறார். தாடியையும் கூந்தற்பூவையும் ஒரே முகத்தில் வைத்துப் பார்க்கும் அந்தப் பார்வையில் அருவருப்பு இல்லை. அது கூத்தர் புனைந்த வேடமாகவும் இருக்கலாம். ஆனாலும் தெருவில் நின்று காணத்தக்க காட்சியாக அது இருந்தது.

மறுபக்கம், திருக்குறளில் பேடி கை வாள் என்பது பயனற்றதற்கு உவமை. 614லும் 727லும் அப்படியே வருகிறது. அந்த உவமைக்கு வரலாறு சொன்ன மறுமொழி கடுமையானது. அலாவுதீன் கில்ஜியின் அண்ணகரான மாலிக் காபூர் 1311இல் மதுரை வரை வாளோடு வந்து, கொள்ளையிட்டுத் திரும்பினார். வீரத்துக்கும் கொடுமைக்கும் உடலுறுப்புக்கும் தொடர்பில்லை.

கேள்வி: கூவாகத்தில் ஒருநாள் தாலி கட்டி மறுநாள் அறுப்பது வேடிக்கைச் சடங்குபோலத் தோன்றுகிறது. அதற்கு உண்மையான பொருள் உண்டா?

பதில்: நேரில் பார்த்தவர் யாரும் வேடிக்கை என்று சொல்ல மாட்டார்கள். போரில் வெற்றிக்காகக் களப்பலியாக இசைந்த அரவான், சாவதற்கு முன் மணம் செய்துகொள்ள விரும்பினான். மறுநாள் இறக்கப் போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் இல்லை. கண்ணனே மோகினியாகி அவனை மணந்தான் என்பது கதை. சித்திரை மாதத்தில், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகம் கூத்தாண்டவர் கோவிலில், பூசாரியின் கையால் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காகச் சுற்றுவட்டார ஆண்களும் கட்டிக்கொள்வது உண்டு. இரவெல்லாம் கும்மியும் பாட்டுமாக இருக்கும். மறுநாள் அரவானின் தேர் அழிகளத்துக்குப் போகிறது. அங்கே பூவைப் பிய்த்து, வளையலை உடைத்து, தாலியை அறுக்கிறார்கள். பின்னர் குளித்து வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். மார்பில் அடித்துக்கொண்டு வைக்கும் ஒப்பாரியில் அரவானின் பெயர்தான் வரும். ஆனால் தாய்வீட்டு வாசலை மிதித்துப் பல வருடம் ஆனவர், இறந்த தந்தையின் முகம் பார்க்க விடப்படாதவர், உடன் வாழ்ந்த ஆண் ஊருக்குப் பயந்து வேறு மணம் செய்துகொள்ளப் பார்த்து நின்றவர் என ஒவ்வொருவருக்கும் அழ ஒரு காரணம் உண்டு. ஆண்டில் ஒரு நாள், ஊரறிய, யாரும் தடுக்காமல் அழ முடிகிற இடம் அது. விழாவை ஒட்டி விழுப்புரத்தில் நடக்கும் அழகிப் போட்டியைப் படமெடுக்கும் பத்திரிகைகள் இந்த அழுகைக்கும் சிறிது இடம் தரலாம்.

கேள்வி: திருநங்கைகள் ஏன் படித்து வேலைக்குப் போகாமல், கூட்டமாக வாழ்ந்து, கடைகளில் கைதட்டிக் காசு கேட்கிறார்கள்? அவர்களாகவே தேர்ந்தெடுத்த வாழ்க்கை அல்லவா இது?

பதில்: தங்கள் கேள்வியில் கோபம் இருக்கிறது, அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் தேர்வு செய்யும் வழிகள் எப்படி ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன என்று பாருங்கள்.

மராட்டிய ஆட்சிப் பகுதிகளில் ஹிஜ்ராக்கள் எனப்படும் அப்பகுதித் திருநங்கையருக்கு நில உரிமையும் ஊர்களில் வசூலிக்கும் உரிமையும் அரசால் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. பிள்ளை பிறந்த வீட்டிலும் மணவீட்டிலும் ஆடிப்பாடி வாழ்த்துவது வட இந்தியாவில் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். பிரிட்டிஷ் அரசு முதலில் அந்த உரிமைகளை நிறுத்தியது. பின்பு 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. அச்சட்டம் சாதிகளைக் குற்றவாளிகளாக்கியதை நாம் அறிவோம். அதன் இரண்டாம் பகுதி அண்ணகர்களுக்கென்றே எழுதப்பட்டது என்பது பரவலாகத் தெரியாது. தானே ஒப்புக்கொண்டாலும் மருத்துவச் சோதனையில் தெரிந்தாலும் ஆண்மையற்ற ஆண் என்று காணப்படும் எவரும் 'அண்ணகர்' என்று அது வரையறுத்தது. அரண்மனைக்காக அறுக்கப்பட்டவரும் தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவரும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டது அங்கேதான். ஐயத்துக்குரியவர் என்று அரசு கருதியவர்களின் பெயரும் சொத்தும் பதிவேட்டில் ஏறின. பதிவேட்டில் இருப்பவர் பெண்ணுடையிலோ பெண்ணின் அணிகலனோடோ பொதுத்தெருவில் தோன்றினால், பொது இடத்தில் ஆடினால், இசைக்கருவி வாசித்தால் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். இரண்டு ஆண்டு வரை சிறை. 16 வயதுக்குட்பட்ட சிறுவனைத் தம்முடன் வைத்திருக்கக் கூடாது. தத்தெடுக்கக் கூடாது, பிள்ளைகளுக்குப் பாதுகாவலராகக் கூடாது, உயில் எழுதக் கூடாது. அதாவது தொழில், உடை, குடும்பம், சொத்து ஆகிய நான்கையும் ஒரே சட்டம் பறித்தது.

1884இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு அந்தக் காலத்தைக் கண்முன் நிறுத்துகிறது. பெண்ணுடையில் பாடிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்து, உடலைச் சோதித்து, இயற்கைக்கு மாறான உடலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் கீழ் நீதிமன்றம் தண்டித்தது. எப்போது, எங்கே, யாருடன் குற்றம் நடந்தது என்பதற்கு எதுவும் இல்லாததால் உயர் நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்த தீர்ப்பிலும் அவர் மீதான வெறுப்பு மறைக்கப்படவில்லை.

வெள்ளையர் போனதும் இது போய்விடவில்லை. 1919இல் ஐதராபாத் சமஸ்தானம் இதே சாயலில் இயற்றிய அண்ணகர் சட்டத்தைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது 2023ஆம் ஆண்டு ஜூலையில்தான்.

இதன் மறுபக்கமாகத்தான் கூட்டு வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ கேலி தாங்காமல் பள்ளியையும், அடி தாங்காமல் வீட்டையும் விட்டு வெளியேறும் பிள்ளைக்கு, ஜமாத் எனப்படும் திருநங்கையரின் கூட்டமைப்பில் ஒரு குரு தாயாகிறார், குருவின் குரு நானி ஆகிறார், உடன் சேர்ந்த சேலாக்கள், அதாவது சீடர்கள், அக்கா தங்கை ஆகிறார்கள். தாய், பாட்டி, அக்கா என்று குடும்பத்தின் பெயர்களையே அவர்கள் எடுத்துக்கொண்டது எதை இழந்தார்கள் என்பதைச் சொல்கிறது. அந்த அமைப்புக்குள்ளும் கடனும் அடக்குமுறையும் உண்டு. திருநங்கைகளே அதை எழுதியும் பேசியும் வருகிறார்கள். ஆனால் அதை விமர்சிக்கும் உரிமை, அந்தப் பிள்ளைக்கு வேறு கூரை தராத நமக்கு மிகக் குறைவு. வாய்ப்புக் கிடைத்த இடத்தில் அவர்கள் செய்ததையும் எண்ணிப் பாருங்கள். நீதிமன்றம் சென்று வாதாடிக் காவல் உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினியும், பரதக் கலைக்காக 2019இல் பத்மஸ்ரீ பெற்ற நர்த்தகி நடராஜும் நம் மாநிலத்தவர்களே.

கேள்வி: எங்களுக்குப் பிறந்த குழந்தையின் பால் உறுப்பு தெளிவாக இல்லை. சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்து பெண்ணாக்கிவிடலாம் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவசரப்பட வேண்டாம், தாயே. குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இதற்குக் காரணமான சில நிலைகளில், குறிப்பாகப் பிறவி அட்ரீனல் சுரப்பிக் குறைபாட்டில், உடலில் உப்புச்சத்து இழப்பு உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மருந்து உண்டு, அந்த மருந்துதான் அவசரம். உறுப்பின் தோற்றத்தை மாற்றுவது அவசரமல்ல. பிள்ளை வளர்ந்து தன்னை யாராக உணரும் என்று இன்று எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இத்தகைய அறுவைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே உயிராபத்துச் சூழல் தவிர இடைபாலினக் குழந்தைகளுக்கு இவ்வகை அறுவையைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. உறவினர்களுக்கு இதைச் சொல்லுங்கள். தாங்கள் தவறு எதுவும் செய்ததால் குழந்தை இப்படிப் பிறக்கவில்லை.

கேள்வி: பிற நாடுகளில் மூன்றாம் பாலினத்தார் உண்டா?

பதில்: உண்டு. சமோவாவில் ஃபாஃபாஃபினே, மெக்சிகோவின் சபோட்டெக் மக்களிடம் முசே, தாய்லாந்தில் கத்தோய் என்று பெயர்கள் மாறும். இந்தோனேசியாவின் தெற்குச் சுலவெசியில் வாழும் பூகிஸ் மக்கள் ஐந்து பாலினங்களைக் கொள்கிறார்கள்; அவற்றுள் பிஸ்சு என்போர் சடங்கு நடத்தும் குருமார். நேபாள உச்ச நீதிமன்றம் 2007இலேயே இவர்களின் உரிமையை ஏற்றது. நம் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றது.

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். தன்னைப் பெண் என்கிறான். ஒரு மனநல மருத்துவர் இதைச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். பெற்றவன் நான். எனக்கு வழி சொல்லுங்கள்.

பதில்: தங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் 'அவள்' என்று எழுதி, அதை அடித்து 'அவன்' என்று மாற்றியிருக்கிறீர்கள். அடிப்பதற்கு முன் தங்கள் கை தானாக எழுதியது எது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

சரிசெய்து தருவதாகச் சொன்ன மருத்துவரிடம் மறுபடி போக வேண்டாம். இது நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் இதை மனநோய்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. பாலின உணர்வை 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஆணையிட்டார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சை தருவதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. மனநல உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுத் தேர்வும் இந்தச் சுமையும் ஒன்றாக அழுத்தும் வயது இது. மாற்ற முயலாமல் காதுகொடுத்துக் கேட்கும் ஒருவர் பிள்ளைக்கு வேண்டும், தங்களுக்கும் வேண்டும்.

பின்னால் திருமணம், வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். 2019இல் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். முன்னர் நான் சொன்ன குழந்தைகள் பற்றிய உத்தரவும் அதே தீர்ப்பில்தான் உள்ளது. இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அடையாளச் சான்றுக்கு மாவட்ட நிருவாகத்திடம் விண்ணப்பிக்கும் முறையை 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் கொண்டுவந்தது. விதிகள் மாறக்கூடியவை என்பதால் இன்றைய நடைமுறையை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் நேரில் கேட்டறிவது நல்லது. பதினெட்டு நிறையும் வரை பெற்றோரின் கையொப்பம் இல்லாமல் பல காரியங்கள் நடக்காது. அலுவலகத்துக்குப் பிள்ளையை யாரோ அழைத்துப் போவதை விடத் தாங்கள் உடன் செல்லுங்கள். பள்ளியில் கேலி நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, தலைமையாசிரியரைப் பார்க்கவும் தாங்களே போங்கள், பொதுத் தேர்வுக்கு முன்பாகவே போங்கள்.